கை நாகப்படம் எடுத்தால் குண்டலினி எழுந்துவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 36. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. சொந்தமாக 60 சென்ட் உண்டு. மற்றபடி இன்னொருவர் தோட்டத்தில் வெட்டுகிறேன். போன மாதம் மூன்று நாள் யோக முகாமில் தீட்சை வாங்கினேன், கட்டணம் 18,000 ரூபாய். "இது சித்தர் பூமி, உள்ளே உறங்கும் குண்டலினி சக்தி இங்கே சீக்கிரம் எழும்" என்றார் குரு. இரண்டாம் நாள் நாற்பது நிமிடம் வேகமாக மூச்சு விட வைத்தார்கள். உதடு மரத்தது. இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் ஒட்டிக்கொண்டு பாம்புப் படம்போல நின்றன. "நாகம் படம் எடுத்துவிட்டது" என்று குரு எல்லோருக்கும் காட்டினார். மூன்றாம் நாள் 16, 64, 32 கணக்கில் மூச்சை அடக்கப் பழக்கினார்கள். வீட்டுக்கு வந்தபின் உச்சந்தலையில் சூடு, காதில் வண்டு இரைச்சல். மூன்று மணி நேரம்தான் தூங்குகிறேன், ஆனாலும் களைப்பே இல்லை. 19 வயதிலிருந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அது நாடியை அடைக்கும் என்றார்கள். எட்டு நாளாக நிறுத்திவிட்டேன். பதிலுக்கு ஒரு பொடி தந்திருக்கிறார்கள். அடுத்த தீட்சைக்கு 45,000; பத்து சென்ட் விற்கலாம் என்றிருக்கிறேன். நடுவில் விட்டால் சக்தி திசைமாறிக் குடும்பத்தைத் தாக்குமாம், வெளியே சொல்லவும் கூடாதாம். மனைவி பேய்க்கோளாறு என்கிறாள். அட்டமாசித்தி உண்மையா? மேலே போகலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தின் அடியில் ஃபோன் எண் எழுதியிருந்தீர்கள், நல்லதாயிற்று. வாசித்த கையோடு கூப்பிட்டேன். "டாக்டரம்மா, நான் இப்போ ரொம்ப நல்லா இருக்கேன்" என்று மூச்சு விடாமல் நீங்கள் பேசிய வேகம்தான் எனக்கு வெப்ராளத்தைத் தந்தது. மறுநாளே உங்களை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனதாக உங்கள் மனைவி சொன்னார். அப்போதுதான் மனசு ஆறியது. ஃபோனில் சொன்னதையே இங்கே மறுபடி எழுதுகிறேன் என்றால், இதுபோன்ற முகாமில் உட்கார்ந்து எழுந்த நாலு பேராவது இதை வாசிப்பார்கள்.

முதலில் மாத்திரை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், பல வருடமாக அடங்கிக் கிடந்த வலிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். ஒன்று தெளியுமுன் அடுத்தது என்று தொடர்ந்து வந்தால் உயிருக்கே ஆபத்து. உங்கள் விஷயத்தில் மாத்திரை மட்டுமா நின்றது, தூக்கமும் போய்விட்டது. தூக்கம் கெட்டாலே வலிப்பு வரும். வேக மூச்சும் வலிப்பைக் கிளப்பும். மூளை அலையைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது "மூணு நிமிஷம் வேகமா மூச்சு இழுத்து விடுங்க" என்பார்களே, அது எதற்கென்று நினைத்தீர்கள்? ஒளிந்திருக்கும் கோளாறு அலையில் தலை காட்டுகிறதா என்று பார்ப்பதற்கு. அங்கே பக்கத்தில் ஆள் நிற்கும், மருந்து இருக்கும். உங்களை நாற்பது நிமிடம் விட வைத்திருக்கிறார்கள், சுற்றி நின்றவர்கள் கைதட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. சில நாள் நிறுத்திவிட்டால், பழைய அளவிலேயே ஒரேயடியாகத் தொடங்கக் கூடாத வலிப்பு மாத்திரைகளும் இருக்கின்றன. ஆகவே "டாக்டரம்மா சொன்னாங்க" என்று யாரும் பழைய அட்டையைத் தேடி எடுத்து விழுங்க வேண்டாம். எழுதித் தந்தவரிடம் போங்கள். அவர் தூரம் என்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள். அன்றைக்கே போங்கள்.

நான் சித்த மருத்துவம் படித்தவள். நாடி என்ற சொல்லை வைத்துத்தான் என் பிழைப்பே ஓடுகிறது. வலிப்பு மாத்திரை நாடியை அடைக்கும் என்று நான் படித்த எந்த ஏட்டிலும் இல்லை; ஏடு எழுதிய காலத்தில் அந்த மாத்திரையே கிடையாது.

இனி அந்தக் கை. கல்லூரியில் படிக்கும்போது எனக்கும் வந்தது. ஒரு வகுப்பில் துருத்தி மூச்சு பழக்கினார்கள். பக்கத்துப் பெண்ணைவிட வேகமாக விட வேண்டும் என்ற போட்டியில் நான் விட்டுக்கொண்டே இருந்தேன். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது, விரல் நுனி மரத்தது. அப்புறம் கை தானாக மணிக்கட்டில் மடங்கியது. நாலு விரலும் நீட்டி ஒட்டிக்கொள்ள, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒதுங்கிக்கொண்டது. பிரிக்கப் பார்த்தால் பிரியவில்லை. பார்ப்பதற்கு நீங்கள் சொன்ன அதே நாகப்படம்தான். என்னை யாரும் மேடையேற்றவில்லை. ஒரு டாக்டர் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "பைய விடு, பைய விடு" என்று தம் மூச்சோடு என் மூச்சைச் சேர்த்துக் குறைத்தார். பத்து நிமிடத்தில் படம் சுருங்கிவிட்டது.

நடப்பது இதுதான். வேகவேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும். இரத்தத்தின் காரத்தன்மை ஏறும். அப்போது நரம்புகளை அமைதியாக வைத்திருக்கும் கால்சியத்தில் ஒரு பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வேலைக்கு உதவாமல் போகும். நரம்புகள் தாமாகத் துடிக்கும், தசை இறுகும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும், கண்ணில் வெளிச்சம் தெரியும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தவர்களின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டி மூன்று நிமிடம் இறுக்கி வைத்தாலும் இதே படம் வரும். எந்தத் தீட்சையும் வாங்காத ஆளுக்கும் வரும்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். குண்டலினி பொய் என்கிறீர்களா என்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நாற்பது நிமிட வேக மூச்சில் மடங்கிய கை அதற்குச் சாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

காதில் வண்டு இரைச்சல் விஷயம் கொஞ்சம் வேறு. திருமந்திரத்தில் யோகிக்குக் கேட்கும் பத்து ஒலிகளின் வரிசை உண்டு: மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். முகாமில் இதைச் சொல்லியிருப்பார்கள், நீங்களும் ஆறாம் எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் காதில் அழுக்கு அடைத்தாலும் வண்டு இரையும். பிரஷர் ஏறினாலும், தூக்கம் கெட்டாலும் இரையும். ஒலி கேட்டபின் மனம் அடங்குகிறதா, பதறுகிறதா என்று பாருங்கள். இராத்திரி எழுந்து கூடத்தில் நடக்க வைக்கும் ஒலியை நான் நாதம் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். முதலில் காதைக் காட்டுங்கள்.

16, 64, 32 கணக்கும் திருமந்திரத்தில் உள்ளதுதான்: பதினாறு மாத்திரை இழுத்து, அறுபத்துநாலு நிறுத்தி, முப்பத்திரண்டில் விடுவது. கண்ணிமைக்கும் பொழுது ஒரு மாத்திரை. அந்த மாத்திரையைப் பிடித்துக்கொண்டு இந்த மாத்திரையை விட்டுவிட்டீர்களே தம்பி! அது எட்டுப் படி உள்ள ஒரு வழியின் நாலாம் படிக்கட்டு. மூன்றாம் தந்திரத்தில் அந்த மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் ஒழுக்க நெறிகளான இயமம், நியமம், பிறகு ஆசனம் என்று வரிசையாக இருக்கின்றன. மூன்று நாளில் மூன்றையும் தாண்டிவிட முடியாது. உங்களுக்கு இருக்கும் நோய்க்கு வேக மூச்சும் கூடாது, மூச்சை நீண்ட நேரம் அடக்கும் கும்பகமும் கூடாது.

தீட்சையைப் பற்றிக் கேட்டதற்கு என் தாத்தாவைச் சொன்னால்தான் விளங்கும். அவர் வர்ம ஆசான். தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் நாலு பிள்ளைகள் இருப்பார்கள். வர்மம் படிக்க வந்தவர்கள். வந்தவனுக்கு முதல் வேலை எண்ணெய் காய்ச்சும் அடுப்புக்கு விறகு பிளப்பது. அடுத்தது பச்சிலை இடிப்பது. மாசக் கணக்கில் இதுதான். சிறுபிள்ளையில் எனக்கு அது வேலை வாங்குவதாகத்தான் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, விறகு பிளக்கும்போது கோபம் வருகிறதா, இடித்த மருந்தை ஒருவன் மிச்சம் வைக்கிறானா, கூட இருக்கிறவனைக் குறை சொல்கிறானா என்று தாத்தா சாயா குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடிபட்டால் ஆபத்தாகும் உடம்பின் இடங்கள்தான் வர்மம்; அவை 108 என்பார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிக்கும் இடத்தை அவர் முதலில் சொன்னதே இல்லை. அடிபட்டு விழுந்தவனை எழுப்பும் இளக்குமுறையைத்தான் முதலில் கையில் பிடித்துப் படிப்பித்தார். எழுப்பத் தெரிந்தவனுக்குத்தான் விழத் தட்டும் இடம். படுவர்மம் பன்னிரண்டையும் அவர் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு ஆளுக்கு. மற்ற மூன்று பேரும் நல்ல பிள்ளைகள்தான், ஆனாலும் சொல்லவில்லை.

உங்கள் குருவிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: சூடு தலைக்கு ஏறினால் எப்படி இறக்குவது? தூக்கம் போனால் என்ன செய்வது? கை மடங்கினால் எப்படி நிமிர்த்துவது? உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஏற்றும் வழி பக்கம் பக்கமாக இருக்கிறது. இறக்கும் வழி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் ஃபோன் செய்து கேட்டபோது "அதெல்லாம் அடுத்த நிலையில்" என்றார்களாம். விழுந்தவனை எழுப்புவதற்கு 45,000 ரூபாய் கேட்கிற இடத்தை எங்கள் திண்ணையில் ஆசான் வீடு என்று சொல்ல மாட்டோம்.

தீட்சை என்ற சொல்லுக்குச் சைவத்தில் கொடுத்தல், கெடுத்தல் என்று இரண்டு பொருள் சொல்வார்கள்: ஞானத்தைக் கொடுத்து, உயிரைப் பிடித்திருக்கும் அழுக்கான மலத்தைக் கெடுப்பது. பார்வையால் தருவது நயன தீட்சை, தொட்டுத் தருவது பரிச தீட்சை. வாசகம், மானசம், சாத்திரம், யோகம், வேள்வித்தீ வளர்த்துச் செய்யும் ஔத்திரி என்று இவற்றோடு சேர்த்து ஏழு வகை. சமயம், விசேடம், நிருவாணம் என்று படிகளும் உண்டு. சமய தீட்சை வாங்கியவருக்குக் கிடைப்பது அன்றாடம் செய்ய வேண்டிய ஒரு கடமை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் நாற்பது வருடமாக அதைச் செய்கிறார். சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவார். ஆனால் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

அட்டமாசித்தி உண்மையா? அணிமா முதல் வசித்துவம் வரை எட்டு அதிசய சக்திகளையும் திருமந்திரம் சொல்கிறது. பதஞ்சலியும் தம் யோகசூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் சித்திகளை அடுக்குகிறார். அடுக்கிவிட்டு, வெளியே அலையும் மனத்துக்குத்தான் இவை சித்தி, சமாதிக்கு இவை இடையூறு என்றும் அதே பாதத்தில் எழுதிவைத்திருக்கிறார். விளம்பரத்தில் முன்பாதியைத்தான் அச்சடிக்கிறார்கள். என்னைக் கேட்டால், காற்றில் மிதந்தவரை நான் பார்த்ததில்லை. வீங்கிய தோளின்மேல் இரண்டு விரலை வைத்து, எலும்பு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று தாத்தா சொன்னதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் தொட்டுத் தொட்டு அந்த விரலுக்கு வந்த அறிவு அது.

உங்கள் கையிலும் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. விடிவதற்கு முன்னால், நெற்றி லைட் வெளிச்சத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பட்டையைச் சீவுகிறீர்கள். உள்ளே ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் மரத்துக்குக் காயம். கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கண்ணா சொல்கிறது? கைதான் சொல்கிறது. முதல் வாரம் உங்கள் கையைப் பிடித்துக் கத்தியை ஓட்டிக் காட்டிய ஆள் ஒருவர் இருப்பார். உங்கள் முதல் தீட்சை அது. அந்த ஆளே இன்னொன்றும் சொல்லியிருப்பார்: ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பால் வற்றிப் பட்டை மரத்துப் போகும், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்று. மரத்துக்குக் கொடுக்கும் அந்த ஒருநாளை உங்கள் மூளைக்கு ஒரு மாதமாக நீங்கள் கொடுக்கவில்லை.

சித்தர் பூமி என்ற பேச்சுக்கு வருகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தவம் புதிதில்லை. சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் ஆறு வருடம் தவம் இருந்தார். முதல் இரண்டு வருடம் ஆறடிக் குழிக்குள் என்று அவர் வழியின் நூலான அகிலத்திரட்டு வழி வந்தவர்கள் சொல்வார்கள். வெளியே வந்து எல்லாச் சாதியும் சேர்ந்து தண்ணீர் கோரக் கிணறு வெட்டினார். தலையில் துண்டு கட்ட உரிமை இல்லாதவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். நாராயண குரு மருந்துவாழ் மலைக் குகையில் தவம் இருந்தவர். 1888-ல் அருவிப்புறத்தில் தாமே சிவலிங்கம் நாட்டினார், அந்த உரிமை பிராமணருக்கு மட்டும் என்று இருந்த காலத்தில். விவேகானந்தர் 1892 டிசம்பரில் கன்னியாகுமரிக் கடல் பாறைக்கு நீந்திப் போனார். அங்கே உட்கார்ந்தபோது என்ன தோன்றியது என்று 1894-ல் ஒரு கடிதத்தில் எழுதினார்: ஊர் ஊராகப் போய் ஏழைகளுக்குக் கல்வி கொடுக்கும் துறவிகள் வேண்டும் என்ற திட்டம். மூன்று பேரில் யாரும் அடுத்த நிலைக்குக் கட்டணம் வைக்கவில்லை.

"வெளியே சொல்லாதே" என்ற கட்டளைக்கும் விவேகானந்தரே போதும். யோகத்தில் ரகசியம், மர்மம் என்று எது வந்தாலும் உடனே தள்ளிவிட வேண்டும் என்று தம் ராஜயோக உரையிலேயே விவேகானந்தர் சொல்லிவிட்டார். நடுவில் விட்டால் சக்தி குடும்பத்தைத் தாக்கும் என்பது பயமுறுத்தல். நித்திய கடமையை ஒருவர் நோயால் விட்டால், தேறியபின் திரும்பத் தொடங்குவார். சைவத்தில் நான் கண்ட வழக்கம் அது. நீங்கள் செய்த சத்தியத்தை உறுத்தலாக நினைத்தால், உங்கள் குலதெய்வத்துக்கு ஒரு விளக்கு ஏற்றி "உடம்பு சரியில்லை, நிறுத்துகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அது போதும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நாகமும் இல்லை, வண்டும் இல்லை. மூன்று மணி நேரத் தூக்கம், களைப்பே இல்லை, பேச்சில் வேகம், நிலத்தை விற்கும் அவசரம்: இந்த நாலும் சேர்ந்து நிற்பது. தூக்கம் குறையக் குறைய ஆள் சோர வேண்டும். சோராமல் துள்ளினால் மனம் அளவுக்கு மீறிக் கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். தியானமும் விழிப்பும் பட்டினியும் சேர்ந்தால் சிலருக்கு இப்படி ஆகும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்திருந்தால் இன்னும் எளிதாக ஆகும். இதற்கு மனநல டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, குணமாகிறது. நரம்பு டாக்டரிடமே இதைச் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை பத்திரம், முன்பணம், கைநாட்டு எதுவும் வேண்டாம். பத்து சென்ட் எங்கேயும் ஓடிப்போகாது.

உங்கள் மனைவிக்கு இரண்டு வரி. அம்மா, இது பேய்க்கோளாறு இல்லை. மந்திரவாதியிடம் கூட்டிப்போனால் அங்கேயும் இராத்திரி முழுக்க விழிக்க வைப்பார்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், மணியைப் பாருங்கள். கையில் சாவி, இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியுமுன் மறுபடி வந்தாலோ 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மேலே போகலாமா என்றால், இப்போது வேண்டாம். மூச்சுப் பயிற்சி முழுவதையும் நிறுத்துங்கள். விடிகாலை தியானமும் வேண்டாம். பால்வெட்டுக்கு எழும் ஆளுக்கு அதற்கு முன்னால் இன்னொரு விழிப்பு எதற்கு? இராத்திரி எட்டரைக்குப் படுங்கள், மூன்றரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரம் ஆயிற்று. கட்டன் சாயா மதியத்தோடு நிற்கட்டும். தூக்கமும் மாத்திரையும் சீரான பிறகு, இரண்டு டாக்டரும் சரி என்றால், சாயங்காலம் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு வருவதையும் போவதையும் பார்க்கலாம். அடக்க வேண்டாம், எண்ண வேண்டாம். பார்க்க மட்டும் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும். என் தாத்தா இருந்திருந்தால் உங்களை விறகு பிளக்கச் சொல்லியிருப்பார்.

அந்தப் பொடியைச் சாப்பிடாதீர்கள், கொட்டவும் செய்யாதீர்கள். இப்படித் தரும் பொடிகளில் கற்பூரம் சேர்ந்திருந்தால், உள்ளே போன கற்பூரமே வலிப்பைக் கொண்டுவரும். பொட்டலத்தை அப்படியே மடித்து, மாத்திரைச் சீட்டோடு எடுத்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பஸ்ஸில் வாருங்கள்; டாக்டர் சரி என்று சொல்லும்வரை பைக் ஓட்ட வேண்டாம். மழை பெய்யும் நாளில் வெட்டு இருக்காதே, அன்றைக்கு வந்தால் போதும். பத்து மணிக்கு மேல் நான் இருப்பேன்.